பல்கலைக் கழகமும் விமான நிலையமும்

ஒரு கல்லூரிக்கு என்னென்ன உடைமைகள் இருக்கக் கூடும் என்று கேட்டால், வகுப்பறை, நூல் நிலையம், ஆராய்ச்சிச் சாலை, மாணவர் விடுதி, விளையாட்டு மைதானம் என்று எவரும் வரிசையாகக் கூறிவிடுவர். விவசாயக் கல்லூரியாயின் அதனோடு ஒரு பண்ணையும், மருத்துவக் கல்லூரியாயின் ஓர் ஆஸ்பத்திரியும் சேரும். ஆனால் அந்தப் பட்டியலில் விமான நிலையம் ஒன்றும் இடம் பெறலாம் என்று நம்மில் பலர் எண்ணியிருக்க மாட்டோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது புதுமையன்று. இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டியூ, அதன் அயல் மாநிலமான இல்லினாயிலுள்ள இல்லினாய்ப் பல்கலைக் கழகம், ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகம், ஒக்லஹோமாப் பல்கலைக் கழகம், அலபாமாவிலுள்ள ஆபர்ன் ஆகியவை எல்லாம் சொந்த விமான நிலையம் உடையவை. இங்கிலாந்தில் கிரான்பீல்டு என்னுமிடத்தில் விமானப் படைத் தளமாக இருந்த இடத்தில் 1946-ல் தொடங்கிய விமானவியல் கல்லூரி, பின்னர் பல்கலைக் கழகமாக வளர்ந்தது. அங்குள்ள ஓடுபாதை இன்றும் அதன் சொத்தாகவே இருக்கிறது. நம் நாட்டிலும் கான்பூர் இந்தியத் தொழில் நுட்பக் கழகத்துக்கும், ராஜஸ்தானத்தில் பெண்களுக்கென அமைந்த வனஸ்தலி வித்யாபீடத்துக்கும் சொந்த ஓடுபாதைகள் உண்டு.

இத்தகைய விமான நிலையம் ஒன்றின் எதிர்காலத்தை எவ்வாறு திட்டமிடுகிறார்கள், அத்திட்டத்தின் உள்ளே மறைந்திருக்கும் பெரிய கேள்வி யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் பர்டியூவிலும் இல்லினாயிலும் படித்திருக்கிறார்கள். இப்போது படித்துக் கொண்டும் இருப்பார்கள். ஆகையால் இந்தப் பெயர்கள் நேயர்களில் சிலருக்கு முற்றிலும் அந்நியமாக இரா.

முதலில் சிறிது வரலாறு. பர்டியூப் பல்கலைக் கழகத்தின் அறங்காவலர்களுள் ஒருவரும் தொழிலதிபருமான டேவிட் ராஸ் என்பவர், விமானப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படட்டும் என்று 1930-ல் நிலம் வழங்கினார். அதில் அமைந்த விமான நிலையம் 1934-ல் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக் கழகம் தனக்கென வைத்துக் கொண்ட முதல் விமான நிலையம் இதுவே. மறு ஆண்டில், புகழ் பெற்ற விமானி அமீலியா இயர்ஹார்ட் அங்கே மாணவியருக்குத் தொழில் ஆலோசகராகச் சேர்ந்தார். உலகைச் சுற்றிவர அவர் பயன்படுத்திய லாக்ஹீட் எலெக்ட்ரா விமானம், பர்டியூ ஆராய்ச்சி நிறுவனம் திரட்டிய நிதியால் வாங்கப்பட்டது. அந்த விமானம் 1937 ஜூன் மாதத்தில் கராச்சியிலும் கல்கத்தா டம்டம்மிலும் இறங்கிப் புறப்பட்டது. அடுத்த மாதம் பசிபிக் கடலின் மேல் அவரோடு மறைந்து போயிற்று. சந்திரனில் முதலில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் 1955-ல் அந்தப் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றவரே.

இல்லினாய்ப் பல்கலைக் கழகத்தின் நிலையம் இரண்டாம் உலகப் போரின் விளைவு. ஷாம்பேன் நகரின் தெற்கே, சோளமும் சோயா மொச்சையும் விளையும் சமவெளியில் அமைந்த அது, 1945 அக்டோபரில் திறப்பு விழாக் கண்டது. அப்போதைய தலைவர் வில்லர்டு என்பவரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அதனோடு விமானவியல் கழகம் ஒன்றும் தோன்றியது. அலெக்ஸாண்டர் வில்லியம்ஸ் என்ற அறிஞர் 1946-ல் அங்கே விமான உளவியல் ஆராய்ச்சிச் சாலையை ஏற்படுத்தினார். தரையிலிருந்தபடியே பறக்கும் அனுபவத்தைத் தரும் பாவனைக் கருவியில் பழகிய மாணவனுக்கு, உண்மையான விமானத்தில் எத்தனை மணி நேரப் பயிற்சி குறையும் என்பதை அளந்து பார்த்த தொடக்க கால ஆராய்ச்சிகள் அங்கே நடந்தவை. மருத்துவம் கற்பவனுக்கு ஆஸ்பத்திரி எவ்வாறோ, அவ்வாறே விமானவியல் கற்பவனுக்கு விமான நிலையம் என்பது இதனால் விளங்கும்.

அந்த உவமையை இன்னும் சிறிது தொடரலாம். கல்லூரிக்கென்று தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு நாளடைவில் ஊராரும் வரத் தொடங்குவர். பிறகு அதை மூடுவதோ சுருக்குவதோ கல்லூரியின் தனி விவகாரமாக இராது. விமான நிலையத்தின் கதையும் இதுவே. மாணவர் பயிற்சிக்கென்று போட்ட பாதையில் பயணி விமானம் இறங்கும்; வியாபாரிகளின் சிறு விமானங்கள் வந்து தங்கும்; நோயாளியைக் கொண்டு செல்லும் விமானமும் வரும். சொத்து பல்கலைக் கழகத்தினுடையது. பயனோ ஒரு வட்டாரம் முழுவதற்கும் உரியது. திட்டமிடுவோர் எதிர்ப்படும் முதற் சிக்கல் இதுதான்.

இனி, விமான நிலையத்துக்கு ஏன் நெடுங்காலத் திட்டம் வேண்டும் என்று பார்ப்போம். வகுப்பறை போதாவிட்டால் மேலே ஒரு மாடி எழுப்பலாம். ஓடுபாதைக்கு மாடி எழுப்ப முடியாது. அது எந்தத் திசையில் கிடக்க வேண்டும் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. ஆண்டு முழுவதும் வீசும் காற்றைக் கணக்கிட்டு, நூற்றுக்கு 95 பங்கு நேரமாவது பக்கக் காற்றின் தொல்லையின்றி விமானம் இறங்கும்படி பாதைகள் அமைய வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஒரே பாதையால் அது இயலாவிட்டால், குறுக்கே இன்னொரு பாதை வேண்டும். பயணி விமானங்கள் வரும் பாதையாயின், பாதை முடிந்த பின்னும் 1,000 அடி நீளத்துக்கும் 500 அடி அகலத்துக்கும் தடையற்ற சமதரை வேண்டும். அதற்கும் அப்பால், விமானம் தாழ்ந்து வரும் வழியில் வீடுகளோ மக்கள் கூடும் இடங்களோ இல்லாதிருத்தல் நலம். இந்த இடத்தை இன்றே ஒதுக்கிக் காவாவிடில், பதினைந்து ஆண்டு கழித்து எவ்வளவு பொருள் கொடுத்தாலும் கிடைக்காது. திட்டமிடாமல் இருப்பதும் ஒரு வகை முடிவே. அந்த முடிவை நமக்குப் பதிலாக வீட்டு மனை வியாபாரி எடுத்துவிடுவார்.

இக்காரணத்தால் அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம், பெருந்திட்டம் என்று சொல்லத் தக்க ஓர் ஆவணத்தைத் தயாரிக்கும் முறையை வகுத்திருக்கிறது. முதலில், உள்ளதைக் கணக்கெடுத்தல்: பாதை எவ்வளவு தேய்ந்தது, கொட்டகைகள் எத்தனை, வடிகால் எப்படி என்பன. இரண்டாவது, வருங்காலத்தை மதிப்பிடுதல்: பயணிகள், விமானங்கள், பயிற்சிப் பறத்தல்கள் 5, 10, 20 ஆண்டுகளில் எந்த அளவை எட்டும் என்பது. மூன்றாவது, அந்த அளவுக்கு என்னென்ன வேண்டும் எனக் கணித்தல். நான்காவது, அதை அடையும் வழிகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுதல். பிறகு, தேர்ந்தெடுத்த வழியை நிலப்படமாக வரைதல். முடிவில் செலவும் வரவும். இவ்வளவுக்கும் இடையே பொது மக்களை அழைத்துக் கூட்டம் நடத்திக் கருத்துக் கேட்க வேண்டும்.

நல்ல பெருந்திட்டம் தேதியை நம்பி இராது. பத்தாம் ஆண்டில் புதிய கட்டடம் என்று எழுதுவதை விட, பயணிகள் இன்ன எண்ணிக்கையைத் தாண்டும்போது புதிய கட்டடம் என்று எழுதுவதே அறிவுடைமை. அந்த எண்ணிக்கை ஐந்தாம் ஆண்டிலும் வரலாம். இருபத்தைந்தாம் ஆண்டிலும் வரலாம். வராமலும் போகலாம். ஆயினும் இடம் மட்டும் காத்திருக்கும்.

மொழிபெயர்ப்பு என் தொழிலாதலால், அந்நாட்டு விதிகளில் இரண்டு சொற்கள் என் கண்ணில் பட்டன. திட்டத்தின் பக்கங்கள் எத்தனையாயினும், மத்திய நிர்வாகம் முறையாக ‘ஒப்புதல்’ அளிப்பது இரண்டு பகுதிகளுக்கே. வருங்கால மதிப்பீடு ஒன்று, நிலப்படம் மற்றொன்று. ஏனைய அத்தியாயங்களை அது ‘ஏற்றுக் கொள்கிறது’, அவ்வளவே. பெற்றுக் கொண்டோம் என்பதற்கும் உடன்படுகிறோம் என்பதற்கும் உள்ள தூரம் அது. திட்டத்தில் ஒரு கட்டடம் அழகாக அச்சிடப்பட்டிருப்பதாலேயே அதற்குப் பணம் வரும் என்று யாரும் கருதிவிடக் கூடாது. சர்க்கார் கடிதங்களோடு பழகிய நம்மவருக்கு இந்த வேறுபாட்டை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பணம் என்றதும் அடுத்த சிக்கல் முன் நிற்கிறது. சிறிய விமான நிலையங்களில், தகுதி பெற்ற வேலைகளின் செலவில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு மத்திய அரசின் மானியம் கிடைப்பது வழக்கம். பல்கலைக் கழகத்துக்கு இது பெருந்துணை. ஆனால் மானியத்தோடு வாக்குறுதிகளும் வருகின்றன. பணம் பெற்ற நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகள் அந்த இடத்தை விமான நிலையமாகவே நடத்த வேண்டும். மானியப் பணத்தால் நிலம் வாங்கியிருந்தால், அந்தக் கடமைக்குக் கால வரம்பே இல்லை. எந்த விமானத்துக்கும் நியாயமின்றி இடம் மறுத்தல் ஆகாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, விமான நிலையத்தின் வருமானத்தை விமான நிலையத்துக்கே செலவிட வேண்டும்.

இந்தக் கடைசி விதி பல்கலைக் கழகத்தை எவ்வாறு கட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கொட்டகை வாடகை, எரிபொருள் விற்பனை, வண்டி நிறுத்தும் கட்டணம், ஓரத்து நிலத்தின் குத்தகை முதலியவற்றால் வரும் பணத்தில் ஒரு டாலரைக் கூட நூல் நிலையத்துக்குப் புத்தகம் வாங்க எடுக்க முடியாது. அது மட்டுமன்று. விமான நிலையத்து நிலத்தில் விமானத்தோடு தொடர்பில்லாத ஓர் ஆராய்ச்சிச் சாலையைப் பல்கலைக் கழகம் கட்டிக் கொண்டால், வெளியார் கொடுக்கும் அதே வாடகையைத் தன் விமான நிலையக் கணக்குக்குத் தானே செலுத்த வேண்டும். தன் வீட்டுக் கூடத்தில் உட்காரத் தானே வாடகை கொடுப்பது போன்றதாயினும், விதி நியாயமானதே. நாட்டின் வரிப்பணத்தால் அமைந்த பாதை, ஒரு ஸ்தாபனத்தின் மற்றத் தேவைகளுக்குப் பணப் பெட்டியாகிவிடலாகாது.

ஆகவே வரவு விமான நிலையத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நஷ்டமோ பல்கலைக் கழகத்தின் தலையில் விழுகிறது. அறங்காவலர்கள் கூடும் போதெல்லாம், நமது வேலை கல்வியா, விமானம் இறக்குவதா என்ற கேள்வி எழுவதில் வியப்பில்லை.

வருங்கால மதிப்பீடு எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஷாம்பேனிலிருந்து சிக்காகோ சுமார் 220 கிலோமீட்டர். நல்ல சாலை, காரில் இரண்டரை மணிக்குள் போய்விடலாம். பேருந்தும் ரயிலும் உண்டு. பர்டியூவின் ஊரிலிருந்து இண்டியானாபோலிஸ் இன்னும் அருகில். இத்தகைய ஊரில் எத்தனை பேர் சிறு விமானத்தில் ஏறுவர் என்பது டிக்கெட்டின் விலையையும், எங்கோ தொலைவிலுள்ள விமானக் கம்பெனியின் மனப்போக்கையும் பொறுத்தது. ஐம்பது பேர் அமரும் சிறு ஜெட் விமானங்களைக் கம்பெனிகள் குறைத்துக் கொண்டே வந்ததாலும், விமானிகள் போதாமையாலும், அமெரிக்கச் சிற்றூர்கள் பல அண்மை ஆண்டுகளில் பயணி விமானச் சேவையை இழந்தன. பல்கலைக் கழகம் தன் ஓடுபாதையைச் சீராக வைத்திருக்கலாம். விமானத்தை வரவழைக்கும் அதிகாரம் அதற்கில்லை.

அடுத்து அயலார். பயிற்சி நடக்கும் நிலையத்தில் ஒரு தனித் தன்மை உண்டு. மாணவன் பாதையில் சக்கரம் தொட்டதும் மறுபடி எழும்பி, வட்டமிட்டு, மீண்டும் இறங்குவான். ஒரு மணி நேரத்தில் பல முறை. இதனால் பயணிகள் ஒருவரும் இல்லாமலே பறத்தல்களின் எண்ணிக்கை மிகப் பெருகும். ஓசையும் பெருகும். அமெரிக்க விதிப்படி, பகலும் இரவும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி ஓசை 65 டெசிபெலுக்குக் குறைவாயின் அங்கே குடியிருப்பு பொருந்தும். இரவு பத்து மணி முதல் காலை ஏழு வரை எழும் ஓசைக்கு மட்டும் பத்து டெசிபெல் கூட்டிக் கணக்கிடுவார்கள். ஆனால் சராசரியைக் கண்டு யாரும் விழிப்பதில்லை. தலைக்கு மேல் போகும் விமானத்தைக் கேட்டே விழிக்கிறார்கள். ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகம் தன் வடக்கு ஓடுபாதையை நீட்ட எண்ணியபோது, அருகிலுள்ள வார்திங்டன் பகுதி மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றனர். விமான நிலையம் 1940-களில் தோன்றியது; வீடுகளில் பல பின்னர் வந்தவை. யார் முதலில் வந்தது என்ற வாதத்தால் மட்டும் அண்டை வீட்டாரோடு சமாதானம் ஏற்படுவதில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

இவ்வளவு தடைகளுக்கும் உட்பட்டு, பல்கலைக் கழகங்கள் எடுத்த முடிவுகள் மூன்று வகைப்பட்டன. மூன்றையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும்.

முதலாவது பர்டியூ. அங்கே ஒரு காலத்தில் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த விமானக் கம்பெனியே நடந்தது. அது 1971-ல் முடிவுற்றது. பின்னர் வந்த வெளிக் கம்பெனிகளின் சேவையும் 2004-ல் நின்றது. பயணி விமானம் ஒன்றும் இல்லாத நிலையில், இத்தனை பெரிய இடம் எதற்கு என்று கேட்டிருக்கலாம். ஆனால் மாணவர்கள் பறந்து கொண்டே இருந்தனர். 6,600 அடி நீள ஓடுபாதையும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் வேலை செய்து கொண்டே இருந்தன. இருபது ஆண்டு கழித்து, 2024-ல், சிக்காகோவுக்குச் சிறு விமானச் சேவை மறுபடி தொடங்கியது; அமீலியா இயர்ஹார்ட்டின் பெயரால் புதிய பயணியர் கட்டடம் ஒன்றுக்கும் அவ்வாண்டில் வேலை தொடங்கியது. ஒரு சேவை வரலாம், போகலாம், மீண்டும் வரலாம். ஆனால் மீண்டும் வருவதற்கு இடம் இருந்தது என்பதே கவனிக்கத் தக்கது. கல்வி என்ற நிலையான பயன் இருந்தமையால், வாணிபம் என்ற நிலையற்ற பயன் இல்லாத இருபது ஆண்டுகளை அந்நிலையம் கடந்தது.

இரண்டாவது இல்லினாய். அங்கே நடந்தது இதற்கு நேர் எதிர். நிதி நெருக்கடியை முன்னிட்டு, 2011-ல் அறங்காவலர்கள் விமானவியல் கழகத்தை மூட முடிவு செய்தனர். விமானி பயிற்சியை அருகிலுள்ள பார்க்லண்ட் கல்லூரி ஏற்றுக் கொண்டது. விமான நிலையம் மட்டும் பல்கலைக் கழகத்திடமே தங்கியது. அதன் பெரிய பாதை 8,100 அடி நீளமுள்ளது. எந்தக் கல்விக்காக நிலையம் தோன்றியதோ அந்தக் கல்வி வேறு கைக்கு மாறியது. ஊருக்குச் செய்யும் சேவை பல்கலைக் கழகத்தின் பொறுப்பாக எஞ்சியது. இது தவறென்று நான் கூற வரவில்லை. பல நாடுகளிலிருந்து மாணவரும் அறிஞரும் வந்து சேரும் ஒரு பல்கலைக் கழகத்துக்கு வாசற்படியாக ஒரு விமான நிலையம் தேவையே. ஆயினும் அதன் காரணம் மாறிவிட்டது. காரணம் மாறினால் திட்டமும் புதிதாக எழுதப்பட வேண்டும். செலவில் ஊராட்சியும் வட்டாரமும் எவ்வளவு பங்கேற்கும் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

மூன்றாவது வட கரோலினாப் பல்கலைக் கழகம். சாப்பல் ஹில் என்னும் ஊரில், ஹொரேஸ் வில்லியம்ஸ் என்ற தத்துவப் பேராசிரியரின் பெயர் தாங்கிய விமான நிலையம் அதற்கு இருந்தது. சுமார் 4,000 அடி நீளமுள்ள ஒரே பாதை. ஆனால் அதன் பயன் நீளத்தைக் கொண்டு அளக்கத் தக்கதன்று. மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள் சிறு விமானங்களில் ஏறி, மாநிலத்தின் தொலை மூலைகளிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சிகிச்சையும் பாடமும் நடத்தி, மாலையில் திரும்பி வந்தார்கள். அந்த நிலத்திலேயே பல்கலைக் கழகம் புதிய வளாகம் ஒன்றை எழுப்ப விரும்பியது. 2000-த்தின் தொடக்க ஆண்டுகளில் விமான நிலையத்தை மூட முனைந்தபோது, டாக்டர்களின் பயணம் கெடும் என்று மாநிலச் சட்டமன்றம் தலையிட்டுத் தடுத்தது. மாற்று விமான நிலையம் ஒன்றை அந்த மாவட்டத்தின் கிராமப்புறத்தில் அமைக்கும் யோசனை எழுந்தது. நிலம் போகும் என்று அஞ்சிய விவசாயிகளின் எதிர்ப்பால் அதுவும் கைவிடப்பட்டது. முடிவில் டாக்டர்களின் விமானங்கள் ராலி-டர்ஹாம் பெரு நிலையத்துக்குக் குடி பெயர்ந்தன. 2018-ல் ஹொரேஸ் வில்லியம்ஸ் நிலையம் மூடப்பட்டது.

இந்த மூன்றாம் கதையில் எவரையும் குற்றவாளியாக்க முடியாது. வளாகம் விரும்பியதும் கல்விக்காகவே. விமானம் வேண்டுமென்றதும் நோயாளிக்காகவே. எதிர்த்ததும் சொந்த மண்ணுக்காகவே. ஆனால் ஒன்று தெளிவு. ஒரு முறை மூடிய ஓடுபாதைக்கு மாற்று இடம் தேடிப் புறப்பட்டால், அது கிடைப்பதில்லை. மக்கள் நெருங்கி வாழும் நாட்டில் புதிய விமான நிலையம் அமைப்பது ஒரு தலைமுறையின் போராட்டம். எனவே மூடும் முடிவும் நெடுங்காலத் திட்டமாகவே எடுக்கப்பட வேண்டும். ஓர் ஆண்டின் வரவு செலவுக் கணக்கில் விழுந்த துண்டு அதைத் தீர்மானிக்கலாகாது.

இந்தச் செய்திகளுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. கான்பூர்த் தொழில் நுட்பக் கழகம் உருவான காலத்தில், 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்க உயர்கல்வி நிலையங்கள் கூடி அதற்கு உதவி புரிந்தன. அவற்றுள் பர்டியூவும் இருந்தது. ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகமும் இருந்தது. சொந்த விமான நிலையம் உடைய இரு பல்கலைக் கழகங்கள் துணை நின்ற கழகத்தின் வளாகத்தில் ஓர் ஓடுபாதையும் பறக்கும் ஆராய்ச்சிச் சாலையும் அமைந்தன. கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டை, மாணவர் விமானத்தில் ஏறி அளவெடுத்துச் சரி பார்க்க அங்கே முடிகிறது. நாட்டின் வேறு கல்லூரிகளிலிருந்தும் விமானவியல் மாணவர்கள் இதற்காகவே கான்பூர் வருவதுண்டு.

பெங்களூரில் வாழும் நேயர்களுக்கு இன்னொரு சான்று கண் முன்னே இருக்கிறது. ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் பழைய விமான நிலையம் அது. விமானம் செய்வதே அந்த ஸ்தாபனத்தின் தொழில். ஆயினும் நகரத்துப் பயணிகளையெல்லாம் பல்லாண்டுகள் அதுவே ஏற்றி இறக்கியது. 2008 மே மாதத்தில் தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறந்ததும் பயணி விமானங்கள் அங்கே மாறின. பழைய பாதையோ அழியவில்லை. சோதனைப் பறத்தல் என்ற தன் முதற்கடமையோடு நின்றது. பயணிகள் கூட்டம் போன பின்னும் அந்த ஓடுபாதைக்கு வேலை இருந்தது, அது எதற்காகப் பிறந்ததோ அந்தத் தொழில் அருகிலேயே இருந்ததனால். பர்டியூவில் மாணவர்கள் செய்ததை இங்கே தொழிற்சாலை செய்தது.

ஆகவே, பல்கலைக் கழகமாயினும் தொழிற்சாலையாயினும், வேறொரு பெருந்தொழிலை உடைய ஸ்தாபனம் விமான நிலையம் வைத்திருக்கும்போது, திட்டத்தின் முதல் ஏட்டில் எழுத வேண்டியது ஓடுபாதையின் நீளமன்று. இதை யாருக்காக வைத்திருக்கிறோம் என்ற ஒரே வாக்கியம் அது. மாணவருக்காகவா, வட்டாரத்துப் பயணிகளுக்காகவா, நோயாளிக்காகவா, அல்லது மூவருக்குமாகவா? மூவருக்கும் என்றால் செலவில் யார் யார் எவ்வளவு பங்கேற்பர்? இதைத் தீர்மானிக்காமல் வரைந்த நிலப்படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், முதல் பண நெருக்கடியில் சுருட்டி வைக்கப்படும். தீர்மானித்துவிட்டாலோ, பணம் குறைந்த ஆண்டிலும் எதை விடக் கூடாது என்பது அனைவருக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டாவதாக, அந்த வாக்கியம் அறங்காவலர் அறைக்குள் எழுதப்படலாகாது. ஓசையைத் தாங்கப் போகிறவர்களும், நிலத்தின் அருகில் உழுகிறவர்களும், விமானத்தை எதிர்நோக்கும் ஊராரும் கூடியிருக்கும் மன்றத்தில் எழுதப்பட வேண்டும். கூட்டம் நீளும், குரல்கள் உயரும். ஆயினும் பாதை போட்ட பிறகு பத்தாண்டு வழக்காடுவதை விட, போடும் முன்னே பத்து மாலைப் பொழுதைப் பேசிக் கழிப்பது சிக்கனம்.

விமான நிலையத்துக்குப் பெருந்திட்டம் வரைகின்றவர்களில் பலர், அது நிறைவேறும்போது அப்பதவியில் இருக்க மாட்டார்கள். அவர்கள் ஒதுக்கி வைக்கும் நிலத்தின் பயனை, இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அனுபவிப்பார்கள். கல்வி நிலையங்கள் என்றுமே இத்தகைய வேலையைத்தான் செய்து வருகின்றன. தாம் காணாத காலத்துக்காக இன்று நடுகின்றன. அந்த வகையில் பார்த்தால், பல்கலைக் கழகத்தின் கையில் ஒரு விமான நிலையம் இருப்பது பொருத்தமற்றதன்று. நெடுநாள் பொறுத்திருக்கும் பழக்கம் அதற்கு இயல்பாகவே உண்டு. அந்தப் பொறுமையோடு, யாருக்காக என்ற தெளிவையும் அது சேர்த்துக் கொள்ளுமாயின், ஓடுபாதையும் நிலைக்கும். அதன் அருகில் வாழ்வோரின் நல்லெண்ணமும் நிலைக்கும்.